கேட்டில் வைக்கும் வீடியோ காலிங் பெல்: தென்னாப்பிரிக்க வீடுகளுக்கான கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் காலிங் பெல் பெரும்பாலும் வாசற்கதவில் இருப்பதில்லை. தெருவோர மதிலில், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டியோடு வரும் கையேடு தெருவைப் பார்த்த கதவை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வித்தியாசத்திலிருந்து பிறப்பவை. கேட்டில் சிக்னல் எவ்வளவு, கேட்டுக்கு மின்சாரம் எப்படிப் போகும் என்ற இரண்டையும் தீர்த்துவிட்டால் எந்த பிராண்டை வாங்குவது என்பது சிறிய விஷயம்தான். அதனால் அந்த இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

எந்த மாடல் நல்லது? கடைக்குப் போகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் கேட்டுக்குப் போங்கள். கேட்டை மூடிவிட்டு, தெருப்பக்கமாக, பெல் வரப்போகும் இடத்தில், தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் போனைப் பிடியுங்கள். போன் வீட்டு வைஃபையில், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டால் சிக்னல் எண் தெரியும். அது மைனஸில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 60 டிபிஎம் அல்லது அதைவிட மேல் என்றால் கவலை இல்லை. மைனஸ் 67 வரை சமாளிக்கும். மைனஸ் 70-ஐத் தாண்டிக் கீழே போனால் பெல் அடிக்கும், ஆனால் படம் வருவதற்குள் வந்தவர் போய்விடுவார். பெல்லின் ஆன்டெனா உங்கள் போனுடையதைவிடச் சிறியதாக இருக்கலாம். ஆகவே போன் காட்டும் எண்ணிலிருந்து இன்னும் ஐந்து கழித்துப் பாருங்கள்.

இந்தச் சோதனையை மாலை ஏழு மணிக்கு மேல் செய்யுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் முழு வேலையில் இருக்கும் நேரம் அது. காலையில் நன்றாக இருந்த இடம் இரவில் திணறும். அதே இடத்தில் நின்று ஐந்து நிமிடம் வீடியோ கால் பேசிப் பாருங்கள். படம் உறைந்தால் கடைக்குப் போக இன்னும் நேரம் வரவில்லை. முதலில் வைஃபையைச் சரிசெய்யுங்கள்.

சிக்னல் போதவில்லை. என்ன செய்வது?

ரவுட்டரை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் செலவில்லாத வழி. ஃபைபர் பெட்டி உள்ளறையில் இருந்தாலும் 10 மீட்டர் லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை முன்னறை ஜன்னலோரம் கொண்டுவரலாம். செங்கல் சுவர் ஒன்று குறைந்தாலே எண் நன்றாக ஏறும். ஜன்னலில் இரும்புக் கம்பி இருந்தால் கம்பியை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

அது போதாவிட்டால் மெஷ் ரவுட்டர் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் வகை) வாங்கி, அதன் இரண்டாவது பெட்டியை முன்பக்க அறையில் வையுங்கள். பிளக்கில் செருகும் மலிவு எக்ஸ்டென்டரைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பல எக்ஸ்டென்டர்கள் வேகத்தைப் பாதியாக்கிவிடும். மின்சாரம் போய் வந்தபின் சில எக்ஸ்டென்டர்கள் தாமாக இணையாமல் நிற்பதும் உண்டு.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. ரவுட்டரை 'ஆட்டோ'வில் விடாமல், கூட்டம் குறைந்த ஒன்றை நீங்களே தேர்ந்து வையுங்கள். இன்னொன்று: பெல்லை நகரும் இரும்பு கேட்டின் மேலே ஒருபோதும் பொருத்தாதீர்கள். இரும்பு சிக்னலை விழுங்கும். கேட் ஆடும்போதெல்லாம் படம் முழுவதும் அசைந்து வீண் எச்சரிக்கை வரும்.

பேட்டரியா, வயரா, லேன் கேபிள் வழி மின்சாரமா?

மூன்றுக்கும் இடம் உண்டு.

பேட்டரி மாடலுக்குச் சுவரில் இரண்டு துளை போட்டால் போதும். மின்சாரம் போனாலும் உயிரோடிருக்கும். ஆனால் அது எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் கருவி. உடல் சூட்டை உணரும் சென்சார் தட்டி எழுப்பிய பிறகுதான் கேமரா விழிக்கும். அந்த ஓரிரு நொடியில் வேகமாகக் கடந்தவர் முதுகு மட்டும் பதிவாகும். பெட்டியில் 'ஆறு மாதம்' என்று போட்டிருந்தால், அது ஒரு நாளைக்குச் சில தடவை மட்டுமே விழிக்கும் அமைதியான வாசலுக்கான கணக்கு. பேருந்துப் பாதையை ஒட்டிய கேட்டில் அதே பேட்டரி சில வாரங்களில் தீரும். கழற்றிச் சார்ஜ் செய்யும் பேட்டரி உள்ள மாடலாக வாங்குங்கள். முழு பெல்லையும் கழற்ற வேண்டியதென்றால் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் வாசலில் மணி இல்லை.

சோலார் தகடு சேர்ப்பவர்கள் அதை வடக்கு நோக்கி, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வையுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜூன், ஜூலை இரவுகளில் உறைபனி விழும். லித்தியம் பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறாது. ஏற்றினால் கெட்டுவிடும் என்பதால் கருவியே தடுத்துவிடும். வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடும். அது பழுது அல்ல.

வயர் மாடல் எப்போதும் விழித்திருக்கும். பல மாடல்களில், மணி அடிப்பதற்குச் சில நொடி முன்னிருந்தே பதிவாகியிருக்கும். அடிக்கடி ஆள் வரும் வீட்டுக்கு இதுவே சரி.

லேன் கேபிள் வழியாகவே மின்சாரமும் தகவலும் போவதை பிஓஇ என்பார்கள். வைஃபை தொல்லை அடியோடு போகும். 100 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். புது வீடு கட்டுபவர்களும், மதிலை இடித்துக் கட்டுபவர்களும் கட்டாயம் ஒரு குழாயும் Cat6 ரக லேன் கேபிளும் போட்டு வையுங்கள். பிறகு தோண்டும் செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை. மண்ணுக்குள் போவதற்கு, வெளியிடத்துக்கென்றே செய்த கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். 230 வோல்ட் கம்பி போகும் குழாயில் இதைச் சேர்த்துப் போடாதீர்கள்.

பழைய காலிங் பெல் வயர் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே மாட்டலாமா?

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். டிபி போர்டுக்குள் (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) இருக்கும் பழைய பெல் டிரான்ஸ்ஃபார்மர் பல வீடுகளில் 8 அல்லது 12 வோல்ட் ஏசிதான், ஒரு ஆம்பியர் அளவு. வயர் வகை வீடியோ பெல்கள் பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட் ஏசி கேட்கும். 8 வோல்ட்டில் பகலில் ஓடும். இருட்டியதும் இரவுப் படத்துக்கான இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்க, மின்சாரம் போதாமல் அணைந்து அணைந்து எழும். "ராத்திரி மட்டும் ஆஃப்லைன் ஆகிறது" என்ற புகாருக்கு முதல் காரணம் இதுதான்.

டிரான்ஸ்ஃபார்மரை 16 அல்லது 24 வோல்ட், 30 விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவுக்கு மாற்றுவது டிபி போர்டுக்குள் நடக்கும் வேலை. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். நிலையான 230 வோல்ட் வயரிங்கில் கூட்டியதற்கும் மாற்றியதற்கும் அவரிடம் சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும்போது அது இல்லாமல் நகராது.

12 வோல்ட் டிசி அடாப்டரில் ஓடும் மாடல் என்றால் கம்பியின் தடிமனைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து கேட்டுக்கு 30 மீட்டர் என்றால் போகவர 60 மீட்டர் செம்பு. 0.5 சதுர மி.மீ. கம்பியில் அதன் தடை சுமார் 2.1 ஓம், அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். லேன் கேபிளின் ஒரே ஜோடியில் அனுப்பினால் 2.6 வோல்ட் போகும், கேட்டில் 9.4தான் மிஞ்சும். 1.5 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு 0.35 வோல்ட் மட்டுமே. பெல் வாங்க ஆயிரக்கணக்கில் ராண்ட் கொடுத்துவிட்டுக் கம்பியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

லோட்ஷெடிங் (அட்டவணைப்படியான மின்வெட்டு) வந்தால் பெல் வேலை செய்யுமா?

பெல்லுக்குப் பேட்டரி இருந்தால் மட்டும் போதாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், உள்ளே ஒலிக்கும் சைம், ஹப் (பதிவுகளைச் சேமிக்க வீட்டுக்குள் வைக்கும் பெட்டி) இருந்தால் அதுவும், எல்லாம் உயிரோடிருக்க வேண்டும். சங்கிலியில் ஒன்று அறுந்தாலும் போனுக்கு எதுவும் வராது. 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வாரியமான எஸ்கமின் மின்வெட்டு வெகுவாகக் குறைந்தாலும் 2025-இல் சில நாட்கள் திரும்பி வந்தது. கேபிள் திருட்டால் போகும் மின்சாரத்துக்கோ அட்டவணையே கிடையாது.

மினி யுபிஎஸ் வாங்கும்போது அட்டையில் உள்ள எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்மணி) எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். அது பெரும்பாலும் 3.7 வோல்ட்டில் சொல்லும் கணக்கு. 8,800 எம்ஏஎச் என்றால் சுமார் 32 வாட் மணி. மாற்றத்தில் போவது போகக் கையில் 27. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 14 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூட முழுசாக வராது. நான்கு மணி நேர வெட்டைத் தாங்க 18,000 எம்ஏஎச் அளவு வேண்டும். உங்கள் ரவுட்டர் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்பதை அடாப்டரின் முதுகில் படித்துவிட்டே செருகுங்கள்.

கேட் மோட்டாருக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி பேட்டரியிலிருந்து பெல்லுக்கு மின்சாரம் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மின்வெட்டு நீண்ட இரவில் பெல் அந்தப் பேட்டரியைக் குடித்துவிடும். விடியற்காலையில் கார் வெளியே போக கேட் திறக்காது. பெல்லுக்கென்று தனியாக, பேட்டரி வைத்த 12 வோல்ட் சப்ளை ஒன்றை வீட்டுக்குள் வையுங்கள்.

இடி மின்னலில் பெல் எரிந்துபோகுமா?

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் கோடைப் பிற்பகல் மின்னல் மிகக் கடுமை. கேட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு செம்புக் கம்பியும் மின்னலுக்கு ஒரு பாதை. நேரே விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே கம்பியில் மின்னழுத்தம் எழும்பி பெல், சுவிட்ச், ரவுட்டர் மூன்றையும் ஒருசேர எரிக்கும். லேன் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பிஓஇ-க்கு ஏற்ற சர்ஜ் காப்பான் வைத்து, அதன் பச்சை மஞ்சள் கம்பியை வீட்டின் எர்த்தில் சேர்க்க வேண்டும். எர்த் சேராத காப்பான் வெறும் பெட்டிதான். அந்தப் பகுதியில் பேட்டரியில் ஓடும் வைஃபை பெல்லுக்கு இது ஒரு பெரிய அனுகூலம்: கம்பியே இல்லை, பாதையும் இல்லை.

எந்த உயரம், எந்தத் திசை?

பொத்தான் 1.2 முதல் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். தலைக்கு மேலே வைத்தால் தொப்பியும் தலையின் உச்சியும்தான் பதிவாகும். கேட்டுக்கு முன் தரை சரிவாக இருந்தால், அழுத்துபவர் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், மதிலின் அடியிலிருந்து அல்ல. சாட்ஸ்வொர்த் மேடுகளில் இந்த இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும்.

திசை விஷயத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தவறுவது இயல்பு. இங்கே நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கிறது. ஜூன் மாதம் டர்பனில் அது உச்சியில்கூட 37 டிகிரிக்கு மேல் ஏறாது, ஜோகன்னஸ்பர்க்கில் 40. வடக்கு பார்த்த பெல்லின் உயரமான பார்வைக்குள் அது நேரே விழும். குளிர்காலம் முழுவதும் வந்தவர் முகம் கறுப்பு நிழலாகத் தெரியும். கிழக்கு பார்த்தால் காலையில், மேற்கு பார்த்தால் மாலையில் இதே சிக்கல். தெற்கு பார்த்த வாசலுக்கு வெளிச்சம் சீராக வரும். திசையை மாற்ற முடியாதவர்கள் பெட்டியோடு வரும் சாய்வுக் கட்டையால் 15 டிகிரி திருப்புங்கள், மேலே கைப்பிடி அளவுக்கு ஒரு சிறு கூரை வையுங்கள், எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் வசதி) உள்ள மாடலாக வாங்குங்கள். அந்தக் கூரை மழைத் துளி லென்ஸில் நிற்பதையும் தடுக்கும்.

பொருத்தும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பேட்டரி மாடலை வைத்துச் சொல்கிறோம். தேவையானவை: அதிரும் வகை ட்ரில், 6 மி.மீ. கான்கிரீட் பிட், அதற்குரிய ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை), 4 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு அல்லது நான்கு, ரசமட்டம், வெளியிடத்துக்கான சிலிகான் ஒரு குழாய்.

பெட்டியைத் திறந்ததும் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே ஆப்பில் இணையுங்கள். புது சாஃப்ட்வேர் ஏறும்வரை காத்திருங்கள். இணையவே மறுத்தால், ரவுட்டர் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருப்பது காரணமாக இருக்கலாம். 5-ஐச் சிறிது நேரம் அணைத்துவிட்டு இணைத்து, பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

துளை போடும் முன் பெல்லை இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையால் மதிலில் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். பகல், இரவு, மழை எல்லாவற்றிலும் எப்படித் தெரிகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒட்டுப்பட்டையில் இருப்பதால், திருட்டுக்குப் பயந்து இரவில் மட்டும் கழற்றி உள்ளே வையுங்கள் என்று சொல்ல மனம் வரும். ஆனால் இரவுப் படத்தையும் பார்க்க வேண்டும், ஆகவே முதல் இரவு இருட்டி ஒரு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.

இடம் உறுதியானதும் பின்தகட்டை ரசமட்டம் வைத்துக் குறியிடுங்கள். 40 மி.மீ. ஆழம் துளைத்து, தூசியை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைத் தட்டுங்கள். தூசி இருந்தால் பிளக் முழுதாக இறங்காது, தகடு ஆடும். பூசிய சுவரில் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். மெல்லிய கான்கிரீட் பலகைகளைத் தூண்களுக்கிடையில் செருகிய மதில் என்றால் பலகையில் அதிரும் ட்ரில்லை வைக்காதீர்கள், விரிசல் விடும், தூணில் பொருத்துங்கள்.

தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் மேல்பக்கமும் இரு ஓரங்களும் சிலிகான் பூசுங்கள். கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் லென்ஸுக்குள் பனி படியும். டர்பன் ஈரக்காற்றில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

ஓயாமல் எச்சரிக்கை வருகிறது. குரங்கு, கார், மரக்கிளை எல்லாவற்றுக்கும் அடிக்கிறது.

உடல் சூட்டுச் சென்சார் குறுக்காகப் போகும் சூட்டை நன்றாகப் பிடிக்கும், நேரே வருவதை மந்தமாகப் பிடிக்கும். தெருவில் போகும் கார் என்ஜின் குறுக்கே போகும் பெரிய சூடு. அதனால்தான் கேட்டுக்கு வந்தவரை விட்டுவிட்டுக் காருக்கு அடிக்கிறது. பெல்லைத் தெருவுக்கு நேராக வைக்காமல் சற்றுத் திருப்புங்கள். ஆப்பில் கண்காணிப்பு எல்லையை நடைபாதைவரை சுருக்குங்கள். 'மனிதர் மட்டும்' என்ற தேர்வு இருந்தால் போடுங்கள்.

டர்பன் பக்கம் வெர்வெட் குரங்குகள் மதில் மேல் நடக்கும். நின்று கேமராவை எட்டிப் பார்க்கும் குரங்கைச் சில மாடல்கள் மனிதர் என்றே சொல்லும். மதிலின் மேல்விளிம்பை எல்லைக்கு வெளியே விட்டால் பெரும்பகுதி குறையும். உணர்திறனை முதல் வாரம் நடுத்தரத்தில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு படி என்று மட்டும் மாற்றுங்கள்; ஒரே நாளில் ஐந்து தடவை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

இரவில் படம் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. கேமரா கெட்டதா?

பெரும்பாலும் இல்லை. லென்ஸுக்கு மிக அருகில் ஏதோ ஒன்று இன்ஃப்ராரெட் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. சிலந்தி வலையின் ஒற்றை இழை போதும். இரவில் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இழை கேமராவுக்குக் குழல் விளக்கு மாதிரி பளபளக்கும். அதை அளவாகக் கொண்டு கேமரா வெளிச்சத்தைக் குறைக்க, பின்னால் நிற்பவர் இருட்டில் மறைந்துபோவார்.

நம் வீடுகளில் இன்னொரு காரணம் மாவிலைத் தோரணம். தீபாவளிக்கோ வீட்டுப் பூஜைக்கோ கேட்டின் குறுக்கே கட்டும்போது கடைசி இலை ஒன்று லென்ஸின் மேல்மூலையில் தொங்கும். பச்சை இலை இன்ஃப்ராரெட்டில் வெள்ளையாகப் பளிச்சிடும். காற்றில் ஆட ஆடப் படம் இருண்டு வெளுக்கும். காய்ந்து சுருண்ட பிறகும் அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். தோரணத்தைக் கழற்ற வேண்டியதில்லை. பெல்லுக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில், லென்ஸின் பார்வைக்கு வெளியே நூலை உயர்த்திக் கட்டுங்கள். பக்கவாட்டில் வெள்ளைச் சுவர் 20 செ.மீ.க்குள் இருந்தாலும் இதே பளிச்சிடல் வரும். சாய்வுக் கட்டையால் திருப்புங்கள்.

பெல்லிலிருந்தே கேட்டைத் திறக்க முடியுமா?

முடியும், ஆனால் இங்கே ஒரு தவறு வீட்டையே திறந்து விடும். கேட் மோட்டாரின் பலகையில் டிரிகர், காமன் என்ற இரண்டு முனைகள் இருக்கும். அவற்றை ஒரு நொடி சேர்த்தால் கேட் திறக்கும். சில பெல்களின் முதுகில் இந்த வேலைக்கான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) இருக்கிறது. அந்த இரண்டு கம்பியையும் தெருப்பக்கத்து பெல் வரை கொண்டுபோனால், ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் எவரும் பெல்லைக் கழற்றி, கம்பிகளைத் தொட்டுச் சேர்த்து உள்ளே வரலாம். ரிலே எப்போதும் மதிலுக்கு உள்ளே, மோட்டார் பெட்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருக்க வேண்டும். வெளியே போவது தகவல் மட்டும்.

ஆள் நுழையும் சிறிய கேட்டின் 12 வோல்ட் மின்பூட்டு, திறக்கும் கணத்தில் ஒரு ஆம்பியர் அளவு இழுக்கக்கூடும். பெல்லின் சப்ளையில் அதை மாட்டினால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பெல் ரீஸ்டார்ட் ஆகும். தனி சப்ளை கொடுங்கள்.

மாதச் சந்தா கட்டாயமா? டேட்டா எவ்வளவு போகும்?

மெமரி கார்டிலோ ஹப்பிலோ சேமிக்கும் மாடலுக்குச் சந்தா வேண்டாம். ஒரு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் 20 நொடிப் பதிவு 5 எம்பி. 64 ஜிபி கார்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் பதிவுகள் அடங்கும். நிறைந்ததும் பழையதன் மேல் எழுதும். கார்டு பெல்லுக்குள்ளேயே இருந்தால் பெல்லைத் திருடியவன் சாட்சியையும் சேர்த்துக் கொண்டுபோவான். வீட்டுக்குள் வைக்கும் ஹப்பில் பதிவாகும் மாடலே எங்கள் தேர்வு.

ஃபைபர் இல்லாமல் சிம் கார்டு போடும் எல்டிஇ ரவுட்டரில் ஓட்டுபவர்கள், பதிவுகளை இணையத்தில் சேமிக்கும் கிளவுட் வழியில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்கு 30 பதிவு என்றால் 150 எம்பி, மாதத்துக்கு 4.5 ஜிபி. நேரலையாகப் பார்ப்பது தனி.

பாட்டிக்கு ஸ்மார்ட்போன் பழக்கமில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

பெல்லோடு பேசும் சைம் ஒன்றைப் பாட்டி அதிகம் இருக்கும் அறையில் செருகுங்கள். பலவற்றில் இரண்டு மூன்று சைம் சேர்க்கலாம். சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. படமும் பார்க்க வேண்டும் என்றால் உள்ளே திரை வைத்த வீடியோ இன்டர்காம் வகையே மூத்தவர்களுக்கு ஏற்றது. பொத்தான் ஒன்று, திரை ஒன்று, ஆப் கிடையாது. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ போனில் பதில் சொல்வது துணைதான். பாட்டி கேட்டுவரை நடந்து போய்ப் பார்க்கும் தேவையை நீக்குவதே முதல் வேலை.

ஆள் வந்தால் எப்படிப் பேசுவது?

"யாரும் வீட்டில் இல்லை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "கை வேலையாக இருக்கிறேன், என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். மீட்டர் பார்க்க வந்தேன், ஃபைபர் சரிபார்க்க வந்தேன் என்பவர்களிடம் அடையாள அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் எழுத்து வாசிக்கத் தெரியும்; லென்ஸை ஒட்டிப் பிடித்தால் மங்கிவிடும். பிறகு அந்த அலுவலகத்துக்கு நீங்களே, நீங்கள் அறிந்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள். வந்தவர் சொல்லும் எண்ணில் அல்ல.

சட்டப்படி தெருவைப் பதிவு செய்யலாமா? அடுக்குமாடியில்?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்று சொல்லப்படும் 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், முற்றிலும் சொந்த வீட்டுப் பயன்பாட்டைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. வீட்டிலேயே டியூஷனோ பார்லரோ கேட்டரிங்கோ நடத்துபவர்களுக்கு அந்த விலக்கை நம்புவது சரியல்ல. 'இங்கே கேமரா பதிவு செய்கிறது' என்று கேட்டில் ஒரு பலகை வையுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய இரட்டை வீடுகளில் பக்கத்து வீட்டு வாசல் படத்துக்குள் வந்தால், ஆப்பில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைக் காட்டியும் விடுங்கள். இதனால் சண்டை வருவதற்கு முன் காட்டுவது நல்லது.

பதிவில் தெரிந்த ஒருவரைத் திருடன் என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தவறான ஆளாக இருந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரலாம். காவல்துறைக்கும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் என்ற தனியார் பாதுகாப்புப் படைக்கும் கொடுங்கள்.

அடுக்குமாடியிலும் காம்ப்ளெக்ஸிலும் வெளிச்சுவர் பொதுச் சொத்து. துளை போடும் முன் கட்டட நிர்வாகக் குழுவான டிரஸ்டிகளின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கதவின் எட்டிப்பார்க்கும் துளையிலேயே பொருந்தும் மாடலுக்குப் புதுத் துளை தேவையில்லை. ஆனாலும் கதவின் வெளித்தோற்றம் மாறுவதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வாங்கி வரலாமா?

இந்தியாவிலும் 230 வோல்ட்தான். அங்குள்ள பெரிய மூன்று முனைப் பிளக் இங்குள்ளதில் பொருந்தும். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானது. இங்கே செருகினால் எரிந்துவிடும். வைஃபை கருவிகளுக்கு இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசாவின் ஒப்புதல் வேண்டும். இங்கு முறையாக விற்பவற்றில் அது இருக்கும். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். சில நூறு ராண்டுக்காக இந்த அலைச்சல் வேண்டாம்.

பெல்லையே திருடிவிட்டால்?

தனி வடிவத் தலை வைத்த பாதுகாப்பு ஸ்க்ரூவைப் போடுங்கள். இரும்புச் சட்டத்துக்குள் வைத்து மதிலோடு போல்ட் செய்வது இன்னும் நல்லது. சட்டம் லென்ஸின் பார்வையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருடு போனால் முதலில் கணக்கின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் பொருத்தும் நாளிலேயே போட்டு வையுங்கள்.

பராமரிப்பு என்ன?

கடலோரத்தில் உப்புக்காற்று லென்ஸில் வெண்படலமாகப் படியும். வறண்ட துணியால் தேய்த்தால் உப்பே கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு துடையுங்கள்; உம்லாங்கா, இசிபிங்கோ போன்ற கடற்கரைப் பக்கம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, உள்நாட்டில் மாதம் ஒரு தடவை. ஸ்க்ரூ 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண ஸ்க்ரூ ஒரு வருடத்தில் சுவரில் பழுப்புக் கோடு இறக்கும், கழற்றவும் வராது. அழுத்தத் தண்ணீர்க் குழாயால் மதில் கழுவும்போது பெல்லைக் கழற்றி வையுங்கள். ஐபி65 என்பது சாதாரணக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சலுக்கான தரம், அந்த வேகத்துக்கானது அல்ல. சிலந்தி திரும்பி வராமலிருக்க, பெல்லைச் சுற்றியுள்ள சுவரில் மட்டும் பூச்சி மருந்து தெளியுங்கள், லென்ஸில் படாமல்.